இரண்டு மாரடைப்பு கண்ட மனிதன்

மூன்றாவது தடவையாக என் இதயத்தைப் படம் பிடித்த டாக்டர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "உங்களுக்கு எதுக்கு இதையே திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்றாங்க?" என்று என்னிடம் கேட்டார். சரக்கு வாங்க வந்தவனிடமே விலை கேட்கிற கடைக்காரரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் டாக்டர் நானும் வந்தேன்" என்றேன்.

இதயம் குதிரை மாதிரி ஓடுகிறது, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லி அவர் சிரித்தார். பேரம் முடியாத நேரத்தில் எதிரில் இருப்பவர் சிரித்தால் எதையோ மறைக்கிறார் என்று பொருள். எங்கள் குடும்பத்தில் பால்குடிப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

நான் பூட்டு, தாழ்ப்பாள், கீல் விற்கிறவன். நானும் என் மனைவியும் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க மனுப் போட்டிருந்தோம். போட்டபோது என் மீசை கறுப்பாக இருந்தது. காவல்துறைச் சான்றிதழ் கைக்கு வந்தபோது மருத்துவச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. மருத்துவத்தைப் புதுப்பித்துக்கொண்டு போனால் காவல்துறை காலாவதி. இரண்டையும் ஒரே நேரத்தில் உயிரோடு பிடித்துக்கொண்டு போய் நின்றபோது, எங்கள் வீட்டைப் பார்த்து எழுதிய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்த விசாரணை அதிகாரி அதே வீட்டை மறுபடி பார்த்தார், நடுவில் சமையலறை எங்காவது நகர்ந்து போயிருக்குமோ என்பதுபோல.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாமல் போனது குழந்தையைக் காட்டிய பிறகுதான்.

குழந்தைகள் இல்லத்தில் வளரும் மூன்று வயதுப் பெண். உருவம் சிறிசு, காரம் அதிகம். அதனால் நாங்கள் எங்களுக்குள் மிளகு என்று கூப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்க அனுமதி. முதல் தடவை எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த தடவை என் மனைவியின் கைப்பையைத் திறந்து, இருந்ததையெல்லாம் தரையில் கொட்டிக் கடை பரப்பினாள். அதற்கும் அடுத்த தடவை என் பாதத்தின்மேல் ஏறி உட்கார்ந்து காலைக் கட்டிக்கொண்டவள், கிளம்பும் நேரம் வந்தும் இறங்கவில்லை. இல்லத்து அம்மா வந்து விரல் விரலாகப் பிரித்தெடுத்தார். அவள் அழவில்லை. "நாளைக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்து பயம். வாங்குகிறவன் ஆசைப்பட்டதை முகத்தில் காட்டக் கூடாது, காட்டினால் தொலைந்தான். குழந்தை சரக்கு இல்லைதான். ஆனால் தொலைந்தவனின் நிலைமை ஒன்றுதான்.

கடைத் தெருவில் யாரிடமும் நாங்கள் மூச்சுவிடவில்லை. கிடைத்தால் தானாகத் தெரியப்போகிறது. கிடைக்காவிட்டால், ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கு நாற்காலி போடுகிற வேலை மிச்சம்.

அப்போதுதான் இந்த இதய விவகாரம் ஆரம்பித்தது. என் இதயத்தைச் சோதித்து முடிவை அனுப்பும்படி குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து தகவல். அனுப்பினோம். போதாது, பெரிய மருத்துவமனையில் எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தோம். அதுவும் போதவில்லை. ஏன் என்று கேட்டால், அது கோப்பு சம்பந்தப்பட்டது, சொல்லக் கூடாது என்றார்கள். எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. முதலில் இரத்தம் எடுத்தபோதே எதையோ கண்டுபிடித்துவிட்டார்கள். என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். மாடிப்படி ஏறினால் காதுக்குள் துடிப்புக் கேட்டது. மேல் தட்டிலிருந்து பெரிய பூட்டை எடுத்தால் இடது தோள் வலித்தது. அது கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வலிக்கிற தோள். ஆனாலும் இப்போது அந்த வலிக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது.

என் மனைவி பயந்துபோனதை அவள் வாயால் சொல்லவில்லை. என்னோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் பேசாமல் எடுத்து உலர்த்தினாள். எனக்கு அது டாக்டரின் சிரிப்பைவிட மோசமாகப் பட்டது. ஒருநாள் தண்ணீர் வாளியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றேன். வாளியோடு உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

இந்த நிலைமையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லத்து அம்மா எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். வரும் வெள்ளிக்கிழமை, குழந்தையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிற குழு கூடுகிறதாம். அதற்குள் எங்கள் கோப்பு முழுமையாகாவிட்டால் குழந்தையை வரிசையில் அடுத்திருக்கும் குடும்பத்துக்குக் காட்டிவிடுவார்களாம். விதி அப்படி, தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். அடுத்த குடும்பத்துக்குத் தகவல்கூடப் போய்விட்டது. அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மிளகு என் பாதத்தில் உட்கார்ந்து செருப்பு வாரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அடுத்த உத்தரவு வந்தது: ஓடவிட்டு எடுக்கிற இதயச் சோதனை. மருத்துவமனை கொடுத்த தேதியோ வெள்ளிக்கிழமைக்கு அப்புறம். வெள்ளிக்கு ஒரு நாள் முன்னால் கொடுங்கள் என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணிடம் நான் பேசாத பேரம் இல்லை. அவள் நாற்காலியைக்கூட என் பக்கம் திருப்பவில்லை. அங்கிருந்து நேராகக் குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போனேன்.

விசாரணை அதிகாரி ஐம்பதை நெருங்கும் பெண்மணி. குரலை உயர்த்தாதவர். சத்தம் போடுகிற அதிகாரியைச் சமாளித்துவிடலாம், இவரை எங்கே பிடிப்பதென்றே தெரியவில்லை. மேசையில் கோப்புகளுக்கு நடுவே பாதி சாப்பிட்ட ரொட்டி இருந்தது.

"மேடம், எனக்கு என்ன வியாதின்னு மட்டும் சொல்லிடுங்க. எவ்வளவு நாள் இருப்பேன்னு தெரிஞ்சா போதும்" என்றேன்.

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். "அதை நான்தான் உங்ககிட்ட கேக்கணும். ஏன் மறைக்கிறீங்க? குழந்தை வந்தப்புறம் உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அவ ரெண்டாவது தடவையா அப்பா இல்லாம நிப்பா."

நான் எதையும் மறைக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். யார் சொன்னது என்று சொல்லக் கூடாதாம். சொன்னது என்ன என்பதை மட்டும் சொன்னார். அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது, எனக்கு இரண்டு முறை மாரடைப்பு வந்ததாகவும், இரண்டாவது முறை முகத்தில் துணியைப் போர்த்திய பிறகு நான் எழுந்து உட்கார்ந்ததாகவும், அதிலிருந்து என் பக்கத்தில் யாரும் உரக்கப் பேசுவதில்லை என்றும் ஒருவர் சாட்சி சொல்லியிருக்கிறார்.

போர்த்திய துணியைக் கேட்டதுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அவ்வளவு வேலைப்பாடு எங்கள் தெருவில் ஒருவருக்குத்தான் வரும்: பக்கத்தில் முகக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது பெரிய தப்பு. அதிகாரியின் முகம் இறுகியது.

அவசர அவசரமாக விளக்கினேன். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. முன்பின் தெரியாத ஒருவர் பையும் பேனாவுமாக வந்து பக்கத்துக் கடைக்காரரைப் பற்றி விசாரித்தால், அவர் வரி அலுவலகத்து ஆள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நொடியிலேயே பக்கத்துக் கடையில் வியாபாரம் படுத்துவிடும். முதலாளி வெளியூர் போய்விடுவார், இல்லையென்றால் படுத்த படுக்கையாகிவிடுவார். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. கண்ணாடிக்காரருக்காக நானே ஒருமுறை அவருடைய மாமனாரைச் சாகடித்திருக்கிறேன். அந்த மனிதர் அப்போது கடைக்குள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ உங்க தெருவே பொய் சொல்லும்கிறீங்க."

"அதிகாரிங்ககிட்ட மட்டும்தான் மேடம்."

"நான் யாரு?"

மாரடைப்போடு இருந்திருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். உண்மையைச் சொல்லி என் கழுத்தை நானே அறுத்துக்கொண்டேன். என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நான் சொன்ன ஒவ்வொன்றையும் அவர் மறுபடி தராசில் வைக்கிறார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

அவர் எழுந்து பையைத் தோளில் மாட்டினார். "வாங்க, போகலாம். போனை அணைச்சு என்கிட்ட கொடுங்க. நான் கேட்டு முடிக்கிற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

பேருந்தில் அவர் முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்காரர் காதில் ஒரே ஒரு வார்த்தை போட்டுவிட முடிந்தால் போதும். பேசியே பிழைத்தவனை வாயைக் கட்டி அழைத்துப்போனால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

கண்ணாடிக்காரர் ஆள் உயரக் கண்ணாடி ஒன்றை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகாரியைப் பார்த்தார், பின்னால் என்னைப் பார்த்தார். நான் மாட்டிக்கொண்டேன் என்று முடிவுகட்டிவிட்டார். கவலைப்படாதே, நான் இருக்கிறேன் என்று கண்ணாலேயே சொன்னார்.

"அன்னைக்கே சொன்னேனேம்மா. இந்த மனுஷனை ஏன் அலைய விடுறீங்க? எப்படி வேர்க்குது பாருங்க. இவர் நிக்கவே கூடாது" என்று ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, என் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

சுற்றிலும் கண்ணாடிகள். வட்டத்தில், சதுரத்தில், சட்டம் போட்டதில், போடாததில், எல்லாவற்றிலும் நான். உதடு காய்ந்து, முகம் வெளிறி, சட்டை உடம்போடு ஒட்டி. அந்த நேரத்தில் யாராவது அந்த வியாதியை என்னிடம் விற்க வந்திருந்தால் பேரம் பேசாமல் வாங்கியிருப்பேன்.

அதிகாரி நிதானமாக, தான் வரி அலுவலகம் இல்லை, குழந்தைகள் நல அலுவலகம் என்றார். நானும் என் மனைவியும் ஒரு குழந்தையைத் தத்தெடுக்கக் கேட்டிருக்கிறோம், அதற்குத்தான் விசாரிப்பதாகச் சொன்னார்.

கண்ணாடிக்காரர் ரசித்துத் தலையாட்டினார். "நல்லா இருக்கும்மா. இது வரைக்கும் இப்படி யாரும் வந்து சொன்னதில்ல." வரி அலுவலகம் புதுசாக ஒரு தந்திரம் பிடித்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டார். அப்படி ஒன்று இருந்தால் இந்தத் தம்பி தன்னிடம் சொல்லாமல் இருப்பானா, இத்தனை வருடமாக ஒரு டீயை இரண்டாக்கிக் குடிக்கிறோம் என்றார்.

நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் லேசாகத் தலையசைத்தார்.

"நிஜம்தாண்ணே" என்றேன். "மூணு வயசுப் பொண்ணு. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா வேற வீட்டுக்குக் காட்டிடுவாங்க. எனக்கு மாரடைப்பு வரலைன்னு சொல்லுங்கண்ணே."

அவர் கை நின்றது. கண்ணாடி பாதி பளபளவென்றும் பாதி ஈரமாகவும் இருந்தது. எவ்வளவு நாளாக நடக்கிறது என்று கேட்டார். சொன்னேன். "ஓஹோ" என்றார். அதற்குமேல் என்னைப் பார்க்கவில்லை.

"வரலைம்மா. இவனுக்கு ஜலதோஷம்கூட வராது. அன்னைக்கு நான் சொன்னது பொய்."

"சரி, உண்மையைச் சொல்லுங்க. இவர் எப்படிப்பட்டவர்?"

அவர் உண்மையைச் சொன்னார். அதுதான் கொடுமை. காலையில் முதல் வியாபாரம் ஆகிறவரை நான் மனிதனே இல்லை. கோபம் வந்தால் பூட்டைத் தூக்கித் தரையில் அடிப்பேன். இரவல் வாங்கிய ஏணியைக் கேட்டு வாங்கினால்தான் உண்டு. தோற்ற பேரத்தை வாரக்கணக்கில் புலம்புவேன். மனைவி பேசும்போது கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வேறெதையோ யோசிப்பேன். அதிகாரியின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் என் காலிலிருந்து ஒரு பிஞ்சு விரலைப் பிரித்தெடுப்பது மாதிரி இருந்தது.

"உங்க வீட்டுக் குழந்தையை இவர்கிட்ட விட்டுட்டுப் போவீங்களா?"

கண்ணாடிக்காரர் கடைசி விலை சொல்வதற்கு முன்னால் மோவாயைத் தடவுவாரே, அப்படித் தடவினார். அந்தத் தடவலுக்குப் பிறகு அவரிடம் எனக்குச் சாதகமாக ஒரு விலையும் வந்ததில்லை. நான் முக்காலியின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"விட்டுட்டுப் போயிருக்கேம்மா. போன லீவு முழுக்க என் பேரன் இவன் கடையிலதான் கிடந்தான். சாயங்காலம் கூப்பிட்டா வரமாட்டான். தாத்தாவைப் பார்க்க வந்த பையன், இவன் மடியில உக்காந்து பூட்டைக் கழட்டிக்கிட்டு இருந்தான். அந்த வருத்தம் எனக்கு இவன்மேல இன்னும் இருக்கு. அதையும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். போனைத் திருப்பிக் கொடுத்தார். ஓடவிடுகிற சோதனைக்குப் போக வேண்டாம், வெள்ளிக்கிழமை காலையில் நானும் என் மனைவியும் வந்துவிட வேண்டும் என்றார்.

"கிடைச்சிடுமா மேடம்?"

"குழுதான் முடிவு பண்ணும். கோப்பு என் மேசையில நிக்காது" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே நிறுத்தத்துக்கு நடந்தார்.

அவர் போன பிறகும் கண்ணாடிக்காரர் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைத் திருப்பாமலே, பிள்ளை எவ்வளவு உயரம் இருக்கும் என்று கேட்டார். தரையிலிருந்து கையை உயர்த்திக் காட்டினேன்.

"ஆட்டாம காட்டு."

இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காட்டினேன். அவர் குனிந்து உயரத்தைக் கண்ணால் அளந்தார். பிறகு அதே குனிவில் கடையைச் சுற்றிப் பார்த்தார். கீழ் வரிசை முழுக்கச் சட்டம் போடாத கண்ணாடி. விளிம்பு ஒவ்வொன்றும் கத்தி. எதையோ முணுமுணுத்துக்கொண்டு முதல் கண்ணாடியைச் சுவரிலிருந்து நகர்த்தினார்.

"இன்னும் கிடைக்கலைண்ணே. வெள்ளிக்கிழமை ஆகட்டும்" என்றேன். எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால், மேலே ஏற்றியதை எல்லாம் அவர் மறுபடி கீழே இறக்குவதை நான் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும்.

"பேசாம அந்த முனையைப் பிடி. கையைக் கிழிச்சுக்காத."

பிடித்தேன். தூக்கும்போது கண்ணாடி கிடுகிடுவென்று ஆடியது. நான்தான் ஆட்டுகிறேன் என்று அவர் திட்டினார். என் கை அப்போது ஆடவில்லை.