மூன்று மாதத் தைலம்

வலது தோள்பட்டை கழன்று விழுகிறாற்போல் வலித்தது. நாற்பது சிமெண்ட் மூட்டை இறக்கிவிட்டுக் குளிக்காமல் கோர்ட்டுக்கு ஓடிவந்திருந்தான். பெஞ்சில் பக்கத்திலிருந்த மனைவி அவன் சட்டைத் தூசியைத் தட்டிவிடவில்லை. இருவருக்கும் பேச்சு நின்று பத்து நாளாகிறது.

மகளுக்குப் பதினாலு வயது. முழங்காலில் எலும்புப் புற்று. காலை எடுத்தால்தான் உயிர் என்றார் டாக்டர். கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவளை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டான். ஆஸ்பத்திரி வழக்குப் போட்டது.

மூட்டை தூக்குகிறவனுக்கு வலி என்பது தேய்த்தால் போகிற சங்கதி. இருபது வருடம் தன் முதுகைத் தாங்கிய அதே தைலத்தை, அதே கட்டைவிரல் அழுத்தத்தோடு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் மூன்று மாதம் அவள் முழங்காலில் தேய்த்திருந்தான். அலறினாள். "முடிச்சு அவிழுது, பொறுத்துக்கடா" என்றான். கூட்டாளிகள் எல்லோருக்கும் அப்படித்தான் அவிழ்ந்திருந்தது.

நீதிபதியம்மா மகளை மட்டும் தன் அறைக்குள் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். கதவு சாத்தியிருந்தது.

"அவளுக்கு என்னத்தடி சொல்லிக்குடுத்த?"

"நான் எதுக்குச் சொல்லிக்குடுக்கணும்? வலிக்கிறவளுக்கு வாய் இல்லையா?"

"ஒத்தக் காலோட எங்க போய் நிப்பா? எவன் வேலை குடுப்பான்?"

"உனக்கு ரெண்டும் முழுசாத்தானே இருக்கு? பெரிய ஆபீசராவா இருக்க?"

வாசலில் நின்ற சிப்பந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு வழக்குக் கட்டைப் புரட்டினார்.

தீர்ப்புக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பெற்றோர் சம்மதம் வேண்டியதில்லை, உடனே சிகிச்சையைத் தொடங்கலாம். "உங்களுக்குப் பாசம் இல்லைன்னு நான் சொல்லல" என்றார் நீதிபதி. அதைக் கேட்பதற்கு நாலு வசவு வாங்கியிருக்கலாம்.

வராந்தாவில் டாக்டரை மறித்தான். "முதல்லயே கூட்டிட்டு வந்திருந்தா?"

டாக்டர் தயங்கினார். "கட்டி சின்னதா இருந்திருக்கும். காலை விட்டுவச்சிருப்போம்."

மகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். மூட்டையில் பாதிகூட இல்லை அவள்.

"அப்பா, கோவமா? நான்தான் எடுக்கச் சொன்னேன். என்னால முடியலப்பா."

"கோவமெல்லாம் இல்லடா."

"முன்னாடியே வந்திருந்தா கால் இருந்திருக்குமா?"

ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறதென்று தேடுகிறவன்போல் தெருவைப் பார்த்தான்.

கால் போய் ஏழு மாதமாகிறது. ஊன்றுகோலோடு பள்ளிக்கூடம் போய்வருகிறாள், சிரிக்கவும் செய்கிறாள். மறுபடி அவள் கேட்கவில்லை. 'இருந்திருக்கும், நான்தான் கெடுத்தேன்' என்ற பதிலை அவன் அவளுக்குத் தரவேண்டும். இன்னும் தரவில்லை.