பத்துப் பேருக்கு முட்டி வலி

லிஃப்ட் கதவு மூடப்போகும் சமயத்தில் ஸ்ரீகாந்த் உள்ளே பாய்ந்தார். ஒவ்வொரு கையிலும் இரண்டு மஞ்சள் பைகள். உள்ளே சந்தியா நிற்பதைப் பார்த்ததும் நாலையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். நாலு பைகளை மறைக்கிற அளவுக்குக் கடவுள் அவருக்கு முதுகைக் கொடுத்திருக்கவில்லை.

"ஃப்ரெண்ட் ஒருத்தர் வாங்கிட்டு வரச் சொன்னார்," என்றார்.

"ஆமா சார், பில் போடும்போதே சொன்னீங்க," என்றாள் சந்தியா.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்த நாலு பைக்கும் பில் போட்டவளே அவள்தான். கொண்டைக்கடலை, தேங்காய், தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்கக் கண்ணாடிக் கிண்ணம் இரண்டு டஜன் என்று, அந்த நண்பருக்கு நவராத்திரித் தேவைகள் ஏராளமாக இருந்தன.

ஏழாவது மாடியில் ஜலஜா கதவைத் திறந்தாள். புருஷனைப் பார்த்தாள். பைகளைப் பார்த்தாள். பைகளுக்குப் பக்கத்தில் அந்தக் கடையின் பெண்ணே நிற்பதையும் பார்த்தாள். "சர்வீஸ் லிஃப்ட்ல வாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்," என்று பல்லுக்குள் சொல்லிவிட்டு, அதே மூச்சில் குரலில் சர்க்கரை போட்டு, "வாம்மா சந்தியா, உனக்காகத்தான் காத்துண்டிருக்கேன்," என்றாள். பைகள் கொலுப்படிக்கு அடியில் போயின. ஜலஜா பட்டுத் துணியைத் தரைவரை இழுத்துவிட்டாள். மேலே தசாவதாரம், கீழே தள்ளுபடி.

இவ்வளவு பாதுகாப்பு எதற்கென்றால், அந்தக் கடையைப் புறக்கணிக்கச் சொன்னவளே ஜலஜாதான். 'அறத்தோடு வாங்குவோம்' என்ற வாட்ஸ்அப் குழுவின் தலைவி அவள். பர் துபாயிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற முப்பத்தாறு தமிழ்ப் பெண்கள் அதில் உறுப்பினர்கள். ஆறு வாரத்துக்கு முன்னால் யாரோ அனுப்பிய ஒரு வீடியோவில், மலிவு விலைப் பெருங்கடைகளில் பில் போடும் பெண்கள் பத்து மணி நேரம் நின்றுகொண்டே இருக்கிறார்கள் என்று வந்தது. சாய்வு நாற்காலியில் படுத்தபடி அதைப் பார்த்த ஜலஜாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று மாலையே தீர்மானம் நிறைவேறியது: இனி அந்தக் கடையில் காலடி வைப்பதில்லை. அன்றிலிருந்து குழுவில் யாரும் கடையின் பெயரைக்கூடச் சொல்வதில்லை. புருஷன் பெயரைச் சொல்லாத அந்தக் காலத்து மனைவிமார் மாதிரி, 'அந்தக் கடை' என்றே சொன்னார்கள். சொல்லாவிட்டாலும் குடித்தனம் அங்கேதான் நடந்தது.

கவுன்டரில் நிற்கிற சந்தியாவுக்கு அது நன்றாகத் தெரியும். புறக்கணிப்புக்குப் பிறகு மத்தியானம் இரண்டு மணிக்குக் கடையில் புதிதாக ஒரு கூட்டம். அந்த வெயிலில் தெரிந்தவர் யாரும் வரமாட்டார்கள் என்று முப்பத்தாறு பேரும் தனித்தனியாக யோசித்து ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். ராதிகா கறுப்புக் கண்ணாடியோடு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்குவாள். சலவைத்தூள் அடுக்குக்கு இந்தப் பக்கம் அனன்யா நின்றால், அவள் போகும்வரை அந்தப் பக்கம் மாஹிரா பாட்டிலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருப்பாள். சந்தியா யாரையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. சிரிப்பு வந்தால் ஸ்கேனர் பக்கம் குனிந்துகொள்வாள்.

சிரித்தாலும் அவள் கால் சிரிக்கவில்லை. மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஆறு வருஷம் நின்ற கால் அது. கடைப்பெண்கள் உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டு, கடையில் ஸ்டூல் வந்து இறங்கிய வாரத்தில் இவளுக்கு விசா வந்து இறங்கியது. இங்கே வந்து நாலு வருஷம். இடது கெண்டைக்காலில் நரம்புகள் பச்சைப் பாம்புக்குட்டிகள் மாதிரிச் சுருண்டுவிட்டன. நிற்பதைக் குறைக்காவிட்டால் ஆபரேஷன்தான் என்று கிளினிக்கில் டாக்டரம்மா எழுதிக் கொடுத்தாள். அந்தச் சீட்டை மேற்பார்வையாளர் சாகிரிடம் காட்டியபோது, கீழக்கரைக்காரரான அவர் அவசரமாக அதை மடித்து அவள் கையிலேயே திணித்தார்.

"இதை ஆபீஸ்ல காட்டிராத தங்கச்சி. நிக்க முடியாதுன்னு தெரிஞ்சா நாற்காலி தரமாட்டான், ஊருக்கு டிக்கெட்டு தருவான். கலாஸ், கதை முடிஞ்சிரும்."

ஆனால் வேறொரு வழி இருக்கிறது என்றார். வாடிக்கையாளர் கருத்துச் சீட்டு. ஒரே வசதியைப் பத்து வாடிக்கையாளர்கள் எழுதிக் கேட்டால், தலைமை அலுவலகம் ஒரு மாதத்துக்குள் ஏதாவது செய்தே ஆகவேண்டும். பெயர், பில் நம்பர், தேதி, கையெழுத்து, அவ்வளவுதான். பில் மட்டும் கடைசி முப்பது நாளுக்குள் இருக்க வேண்டும்.

அந்தப் பத்துச் சீட்டுகளும் இப்போது சந்தியாவின் கைப்பையில் இருந்தன. தன் கால்களுக்காகக் கண்ணீர் விட்ட ஒரு குழுவே இருக்கும்போது பத்துக் கையெழுத்து என்ன பெரிய விஷயம் என்று நினைத்துத்தான், ஜலஜா கொலுவுக்குக் கூப்பிட்டதும் மறுபேச்சுப் பேசாமல் வந்திருந்தாள்.

ஆறு மணிக்கெல்லாம் கூடம் நிறைந்தது. இருபது பேர் வந்திருந்தார்கள். சோபாவில் ஆறு பேர், சாப்பாட்டு மேஜை நாற்காலிகளில் எட்டுப் பேர், மற்றவர்கள் திண்டிலும் கட்டில் விளிம்பிலும். ஜலஜா சந்தியாவின் தோளில் கை வைத்து அவளைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, "இந்தப் பொண்ணு பத்து மணி நேரம் நிக்கறா," என்று அறிமுகப்படுத்தினாள். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அனன்யா ஒரு படம் எடுத்தாள். முதலாளித்துவம், மனசாட்சி, நம்முடைய ஒவ்வொரு திர்ஹாமும் ஒரு ஓட்டு என்று பேச்சு முக்கால் மணி நேரம் போனது. அந்த முக்கால் மணி நேரமும் சந்தியா நின்றுகொண்டிருந்தாள். அனுதாபத்தில் ஒரு இடமும் காலி இல்லை. நடுவில் ஜலஜா, "நம்ம வீட்டுப் பொண்ணுதானே," என்று சொல்லிச் சுண்டல் தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டாள்.

எல்லோருக்கும் சுண்டல் கொடுத்து முடித்தபின் சந்தியா சீட்டுகளை எடுத்தாள். விஷயத்தைச் சொன்னாள். பத்துப் பேர் போதும், இந்த வியாழக்கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றாள். "ஐயோ, இதுக்கென்ன, தா," என்று இருபது கைகள் நீண்டன. பேனா தேடினார்கள். எல்லோருக்கும் முந்திய ராதிகாதான் சீட்டைப் படித்தாள்.

"பில் நம்பரா?" என்றாள்.

நீண்ட கைகள் சுண்டலுக்குத் திரும்பின. "நாங்கதான் அந்தக் கடைக்கே போறதில்லையே," என்றாள் அனன்யா, கொஞ்சம் சத்தமாக. பில்லெல்லாம் எதற்கு, மனசாட்சியை விடப் பெரிய பில் உண்டா என்று இன்னொருத்தி கேட்டாள். குழுவின் சார்பில் ஒரு கண்டனத் தீர்மானம் போடலாம் என்றாள் ஜலஜா. சந்தியா எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பில் இல்லையே என்ற வருத்தம் அவர்களுக்குத் தாங்கவில்லை போலிருக்கிறது, பாவம், உதவலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"பில்லு தொலைஞ்சிருந்தாலும் பரவால்ல மேடம்," என்றாள் சாதுவாக. "பாயின்ட் ஏத்துறதுக்கு ஃபோன் நம்பர் சொல்வீங்கள்ல, அதைப் போட்டா சிஸ்டத்துல எல்லாம் வந்துரும். நானே எடுத்துத் தாறேன். பாதிப் பேரு நம்பரு எனக்கு மனப்பாடம்."

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. எத்தனையோ கொலுவில் எத்தனையோ பேர் கெஞ்சியும் வாய் திறக்காத ராதிகா, யாரும் கேட்காமலே அம்பாள் மீது ஒரு கீர்த்தனையை எடுத்தாள். அதற்கு மேல் நாற்காலியைப் பற்றி யாராலும் பேச முடியவில்லை. பாட்டு முடிந்ததும் தாம்பூலம் வாங்கிக்கொண்டு அவரவர் செருப்பைத் தேடினார்கள்.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு ராதிகா கறுப்புக் கண்ணாடியோடு கவுன்டருக்கு வந்தாள். சீட்டைக் கேட்டாள். நான் எழுதித் தருகிறேன், ஆனால் அந்தக் குரூப்பில் யாருக்கும் தெரியக்கூடாது என்றாள். சந்தியாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அது சீட்டைப் படிக்கும்வரைதான். 'எனக்கு முட்டி வலி. கவுன்டர் அருகில் எனக்கு ஒரு நாற்காலி தேவை,' என்று எழுதியிருந்தது.

"எனக்கில்ல மேடம் வேணும்?"

"உனக்குன்னு எழுதினா யாரு எழுதினதுன்னு தெரிஞ்சிரும்டி. அந்தக் குரூப்தான்னு கண்டுபிடிச்சிருவாங்க. நாற்காலின்னு ஒண்ணு வந்துட்டா யார் உக்காந்தா என்ன?"

அன்று மூன்று பேர். அடுத்த நாள் மூன்று. புதன்கிழமை நாலு பேர், கடைசி ஆளாக ஜலஜா. ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி வந்து, ஒருத்தியைப் போலவே ஒருத்தி எழுதினார்கள். பத்துப் பேருக்கும் முட்டி வலி. சாகிர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, இந்த ஊர்த் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்றார்.

மூன்றாவது வாரம் நாற்காலி வந்தது. நல்ல நாற்காலி. மெத்தை வைத்தது, கைப்பிடி வைத்தது. கவுன்டருக்கு வெளியே, வாடிக்கையாளர் நிற்கிற பக்கத்தில் அதைப் போட்டார்கள். அதன் முதுகில், அரபியிலும் ஆங்கிலத்திலும் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர்: 'வயது முதிர்ந்த எங்கள் வாடிக்கையாளர்களுக்கு, அன்புடன்.' பத்து முட்டிகளைச் சேர்த்துவைத்துப் பார்த்துத் தலைமை அலுவலகம் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தது.

ஒரு வாரம் அதில் ஒருவரும் உட்காரவில்லை. ராதிகா ஸ்டிக்கரைப் படித்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றாள். மாஹிரா அதன் மேல் கைப்பையைக்கூட வைக்கவில்லை. அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து சாமான் வாங்க வருகிற ஆட்கள், இது ஏதோ பெரிய இடத்து நாற்காலி என்று சுற்றிக்கொண்டு போனார்கள். நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு எதிரில், கவுன்டருக்கு உள்ளே, சந்தியா இடது காலிலிருந்து வலது காலுக்கும் வலது காலிலிருந்து இடது காலுக்கும் மாறிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் அதிகம். ஜலஜா வாயையும் மூக்கையும் மறைத்து மாஸ்க் போட்டு, தலையைச் சுற்றித் துப்பட்டாவும் போட்டுக்கொண்டு வரிசையில் முதலில் நின்றாள். தள்ளுவண்டி வழிந்தது. அவளுக்குப் பின்னால், தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டுக்கொண்டு அனன்யா. அவள் வண்டியும் வழிந்தது. முன்னால் நிற்பது யார் என்று அவளுக்குத் தெரியாது, பின்னால் நிற்பது யார் என்று இவளுக்கும் தெரியாது. சந்தியாவுக்கு இரண்டும் தெரியும்.

காலையிலிருந்து ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. கெண்டைக்காலில் ஈயம் காய்ச்சி ஊற்றியது மாதிரி இருந்தது. சந்தியா ஸ்கேனரைக் கீழே வைத்தாள். கவுன்டரைச் சுற்றி வெளியே வந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தரை கீச்சிட உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

சாகிர் ஓடிவந்தார். "ஏம்மா, மேல கேமரா இருக்கு. இது கஸ்டமருக்கு வந்தது. உன் வேலையோட என் வேலையும் போயிரும்."

"கஸ்டமரையே கேளுங்கண்ணே. வேணும்னா குடுத்துர்றேன்."

சாகிருக்கு அது நியாயமாகப் பட்டது. அவர் வரிசையில் முதலில் நின்றவளைப் பார்த்துத் திரும்பி, மரியாதையாக, கடை முழுவதும் கேட்கும்படி கேட்டார். "மேடம், வயசானவங்களுக்குன்னு வந்த சேர் இது. உங்களுக்கு வேணுமா?"

"எனக்கா?" என்று ஜலஜாவின் மாஸ்க் உப்பியது. "எனக்கு எதுக்கு? யாரு இங்க வயசானவங்க?"

"ஜலஜா அக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு தொப்பி நிமிர்ந்தது.

இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தொழிலாளர் நிலைமையை நேரில் ஆய்வு செய்ய வந்தேன் என்றாள் ஜலஜா. நானும் அதற்குத்தான் வந்தேன் என்றாள் அனன்யா. பத்துக் கிலோ பாஸ்மதி, மூன்று டஜன் முட்டை, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசமாக வரும் எண்ணெய் என்று இரண்டு பேரும் ஆழமாகவே ஆய்வு செய்திருந்தார்கள்.

சாகிர் விடவில்லை. அடுத்த மேடத்துக்கு வேண்டுமா என்று கேட்டார். முப்பத்தெட்டு வயதான அனன்யா, அவர் தன் ஜாதகத்தையே சபையில் படித்துவிட்டது போல முறைத்தாள். அதற்கும் பின்னால் நின்ற கறுப்புக் கண்ணாடி, கேள்வி தன்னிடம் வருவதற்குள், வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டியது. வரிசையின் கடைசிவரை எல்லோருக்கும் அந்தக் கணத்தில் இளமை திரும்பியிருந்தது.

"அப்ப யாருக்கும் வேணாம்," என்றாள் சந்தியா. "எழுதிக்கிருங்கண்ணே."

சாகிர் கேமராவை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, வாடிக்கையாளர்கள் மறுத்துவிட்டார்கள் என்று நோட்டில் நேரத்தோடு எழுதினார்.

சந்தியா உட்கார்ந்தாள். காலைக் கொஞ்சம் நீட்டி, சாய்ந்து, சேலையைச் சரிசெய்யும் ராணி மாதிரி யூனிஃபார்மை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவசரமே படாமல் ஒவ்வொரு முட்டை அட்டையாகத் திறந்து, உடைந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஜலஜாவின் சாமான்களுக்குப் பில் போட்டாள். முட்டி வலிக்காரர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"அடுத்து வாங்க," என்றாள், எழுந்திருக்காமல்.