அத்தானின் சிவப்புக் கட்டம்

லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில், வேலை நடக்கும் முறையைக் காட்டும் வரைபடங்களைச் சரிபார்ப்பதுதான் அவள் வேலை. ஒரு புகார் வந்தால் யாரிடம் போகும், யார் ஒப்புதல் கொடுத்தால் நகரும் என்று கட்டமும் அம்புமாக வரைந்திருப்பார்கள். கணினி ஒரு வழி விடாமல் போய்ப் பார்க்கும். எந்த வழியாகவும் போய்ச் சேர முடியாத கட்டம் இருந்தால் அதைச் சிவப்பாக்கிக் காட்டும்.

அன்று சிவந்தது அவளுடைய அத்தானின் கட்டம். அக்காவின் கணவரான அவர் அதே நிறுவனத்தில் அவசர ஆய்வாளர். அவசரப் புகார்கள் மட்டுமே அவரிடம் போகலாம். ஆனால் அவசரப் புகார்களோ முந்தைய கட்டத்திலேயே பிரிந்து நேரே மெக்கானிக்கிடம் போய்விடுகின்றன. ஆக, பதவியேற்ற நாளிலிருந்து அவர் மேசைப் பக்கம் ஒரு புகார்கூட எட்டிப் பார்த்ததில்லை.

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா வீட்டில் ஞாயிறு தோறும் தட்டுக்குப் பக்கத்தில் கைபேசியை வைத்துக்கொண்டு சாப்பிடுகிற மனிதர். "அவசரம்னா எங்கிட்டதாம்மா வந்தாகணும். உன்னை மாதிரி கட்டம் போட்டு விளையாடற வேலையா என்னோடது?" என்பார். அக்கா பிள்ளைகளை அதட்டுவாள்: "சத்தம் போடாதீங்க, அப்பாவுக்கு ஃபோன் வரும்."

'இந்தக் கட்டத்தை நீக்கலாம்' என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினால் போதும். கட்டத்தோடு பதவியும் போய்விடும். விரல் துறுதுறுத்தது. ஆனால் காதில் அக்காவின் அதட்டல்தான் கேட்டது. அதில் எவ்வளவு பெருமை. இத்தனை காலம் தனக்குப் பிடிக்காமல் போனது அத்தானையா, அந்தப் பெருமையையா என்று யோசித்தபோது, பக்கத்தில் யாரும் இல்லாமலே கூச்சமாக இருந்தது.

கட்டத்தை அவள் நீக்கவில்லை. மெக்கானிக்கிடம் நேரே போன அம்பை அழித்து, அத்தான் வழியாகச் சுற்றிவிட்டாள். சிவப்பு பச்சையானது. எல்லாப் புகாரும் முடிவை எட்டும் என்று கணினி சான்று தந்தது. மேலாளரும் தலையாட்டினார்.

அடுத்த ஞாயிறு கைபேசி அலறியபோது அத்தான் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு எச்சில் கையோடு எடுத்துக்கொண்டு ஓடினார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு இவள் குனிந்து சாப்பிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அலுவலக லிஃப்ட் மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே அவள் மட்டும். சுவரிலிருந்த அவசரப் பொத்தானை அழுத்தினாள்.

"அவசர ஆய்வுப் பிரிவு," என்றது பழகிய குரல்.

"அத்தான், நான்தான். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். மெக்கானிக்கை அனுப்புங்க."

"அனுப்பாம இருப்பேனாம்மா? முதல்ல ஆய்வு முடியட்டும். இது அவசரம்னு எதை வெச்சுச் சொல்றே?"

"உள்ளேயே நிக்கறேன் அத்தான்."

"நிக்க முடியுதா? சரி, நிக்க முடியுதுன்னு போட்டுக்கறேன்."

அவள் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். எல்லாப் புகாரும் முடிவை எட்டும் என்றுதான் கணினி சொல்லியிருந்தது. எப்போது என்று அவள் கேட்கவே இல்லை.

"இப்ப உக்காந்துட்டேன் அத்தான்."

"அப்படியா?" அத்தான் குரலில் அப்படியொரு பொறுமை. "அப்ப முதல்லேருந்து வருவோம்."