முன்னால் போகிற வண்டி

ஆறாவது உதைக்கும் நாகலிங்கத்தாரின் மோட்டார்சைக்கிள் இருமியதே தவிர எழும்பவில்லை.

"அண்ணை, ஏழாவதுக்கு ஐயரைக் கூப்பிடுவமே?" என்றான் நடராசா. கோண்டாவில் சந்தியில் வண்டிகளோடு நின்ற மற்றவர்கள் சிரித்தார்கள்.

நாகலிங்கத்தார் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்மருந்துப் போத்திலை எடுத்து, அதிலிருந்த பெற்றோலில் நாலு சொட்டை எண்ணிக் காபரேற்றருக்குள் விட்டார். அரசாங்கம் எரிபொருளுக்குத் தடை போட்ட நாளிலிருந்து யாழ்ப்பாணத்தில் எல்லா வண்டியும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஆறிக் கிடக்கும் இயந்திரத்தை எழுப்ப மட்டும் இந்தச் சொட்டுகள். ஏழாவது உதையில் வண்டி வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு எழும்பியது. பக்கத்தில் குருநகர்க் கனிசியஸ் ஒரே ஒரு உதைதான் உதைத்தான். அதுவும், கோழியைக் காலால் விலக்குகிற மாதிரி. அவனுடைய வண்டி கிணுகிணுவென்று பேசத் தொடங்கியது. நாகலிங்கத்தாருக்கு அன்றைய நாள் அந்த இடத்திலேயே புளித்துப்போனது.

அரசாங்கமும் இயக்கமும் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்த மாசி மாதம் அது. வானத்தில் குண்டுவீச்சு விமானங்களின் இரைச்சல் இல்லை. அந்தத் துணிவில்தான் பழைய மோட்டார்சைக்கிள் கழகத்தின் ஐந்து பேரும் உடுப்பிட்டிக்குப் புறப்பட்டார்கள். அங்கே தம்பிராசா என்பவர் புகையிலை பதனிடும் குடிலொன்றில் பதினொரு பழைய வண்டிகளைச் சேர்த்து வைத்திருந்தார். ஊர் அதை மியூசியம் என்றது.

கழகத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: வயதில் மூத்த வண்டி முன்னால் போகும். மூன்று வருடமாக நாகலிங்கத்தாரே முன்னால் போனார். அவருடைய தகப்பனார் விதானையாராக, ஊர்த் தலைமை அதிகாரியாக இருந்தவர். முப்பத்தேழாம் ஆண்டில் புத்தம் புதிதாய் வாங்கி, காங்கேசன்துறைத் துறைமுகத்தில் இறக்கிய பி.எஸ்.ஏ. மோட்டார்சைக்கிள் அது என்று சாகும்வரை சொன்னவர். இரண்டு மகள்மாரின் கலியாணப் பந்தலிலும் நாகலிங்கத்தார் அதை வாசலில் நிறுத்திச் சம்பந்தி வீட்டாருக்குக் காட்டியிருந்தார். போன வருடம்தான் கனிசியஸ் வந்து சேர்ந்தான். படகு இயந்திரம் திருத்துகிறவன். செத்துப்போன வெள்ளைக்காரக் கத்தோலிக்கச் சாமியார் ஒருவரின் பி.எஸ்.ஏயைக் கோயில் கொட்டிலிலிருந்து எடுத்துப் புதுப்பித்திருந்தான். எல்லாரும் அதையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். போதாததற்கு அந்தக் குருநகர்க்காரன் நாகலிங்கத்தாரை ஐயா என்று கூப்பிடாமல், மற்றவர்களைப் போலவே அண்ணை என்று கூப்பிட்டான்.

தம்பிராசாவின் குடிலில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் பிறந்த ஆண்டு எழுதிய மட்டை தொங்கியது. மனிதருக்கு இரண்டு கண்ணிலும் வெண்படலம். விரலால் தடவித் தடவியே வண்டிகளைக் காட்டினார்.

"என்னெண்டு ஐயா வருசத்தைக் கண்டுபிடிக்கிறியள்?" என்று நடராசா கேட்டான்.

"இயந்திரத்திலை இலக்கம் வெட்டிக் கிடக்கும். உங்கடை ரெண்டு பி.எஸ்.ஏக்கும் அதுக்கு முன்னாலை ஒரு எழுத்து இருக்கும். எச் எண்டால் முப்பத்தேழு. ஜே எண்டால் முப்பத்தெட்டு. டபிள்யூ எண்டால் சண்டைக்குச் செய்தது. பட்டாளம் கழிச்சுவிட, எங்கடை ஆக்கள் ஏலத்திலை எடுத்தது." கிழவர் சிரித்தார். "எடுத்துப்போட்டு, கப்பலிலை வந்தது எண்டு கதை விடுறது."

நாகலிங்கத்தாரின் முதுகு இன்னும் நேராகியது. தகப்பனாரின் அந்தியேட்டிச் சடங்குக்குப் பிறகு பெட்டகத்தின் அடியில் ஏலத் துண்டு ஒன்று அவர் கைக்கு வந்திருந்தது. நாற்பத்தேழாம் ஆண்டுத் துண்டு. மனைவி பராசக்திக்கும் காட்டாமல் அடுப்பில் போட்டார். இரும்பிலும் எழுதியிருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

கனிசியஸின் வண்டியை நடராசா குனிந்து வாசித்தான். ஜே. முப்பத்தெட்டு. கைதட்டினார்கள்.

"இனி விதானையாற்றையைப் பாப்பம்," என்றார் தம்பிராசா.

"அதுக்கென்ன பாக்கிறது? ஊருக்குத் தெரிஞ்சதுதானே," என்றார் நாகலிங்கத்தார்.

அதற்குள் கனிசியஸ் வண்டியருகே குந்திவிட்டான். பெருவிரலால் எண்ணெய் அழுக்கைத் துடைத்தான். பார்த்தான். மறுபடியும் துடைத்தான். பிறகு தலையை நிமிர்த்தி நாகலிங்கத்தாரை ஒரு தரம் பார்த்தான். மற்றவர்கள் சுற்றி வந்து குனிவதற்குள், அதே விரலால் அழுக்கை எழுத்தின் மேலே திரும்ப இழுத்துவிட்டான்.

"எச்," என்றான். "வடிவாத் தெரியுது. எச்."

"பாத்தியளே! விதானையார் பொய் பேசாத மனிசன்," என்றார் தம்பிராசா. நடராசா விசிலடித்தான்.

தேத்தண்ணீர் வந்தது. பனங்கட்டித் துண்டு நாகலிங்கத்தாரின் வாயில் கரையாமலே கிடந்தது. கனிசியஸின் இடத்தில் தான் இருந்திருந்தால் டபிள்யூ என்று ஊர் கேட்க வாசித்திருப்பார். அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அவன் வண்டியைப் பார்த்து எரிந்த எரிச்சல் இந்த எரிச்சலுக்கு முன் ஒன்றுமில்லை. இந்தக் குணம் விதானையார் வீட்டில் அல்லவா இருந்திருக்க வேண்டும்? குருநகரில், படகெண்ணெய் நாறும் ஒரு கையில் போய் அது ஏன் இருந்தது?

புறப்படும்போது நாகலிங்கத்தாருடைய போத்திலின் கடைசிச் சொட்டுகளும் காபரேற்றருக்குள் போய்விட்டன. ஐந்து பேரில் கனிசியஸின் போத்திலில் மட்டும் பெற்றோல் மிச்சம் இருந்தது. கனிசியஸ் ஒதுங்கி வழிவிட்டான்.

"முன்னுக்குப் போங்கோ அண்ணை."

"எனக்கு ஒருத்தரும் வழி விடத் தேவையில்லை."

"நான் எங்கை விட்டனான்? வண்டியின்ரை வயசெல்லோ விடுது."

வல்லை வெளியில் காற்று பக்கவாட்டில் அடித்தது. இரண்டு பக்கமும் உவர்நிலம், ஒதுங்க ஒரு மரமில்லை. நாகலிங்கத்தார் முன்னால் போனார். பின்னால் அந்தக் கிணுகிணுப்பு, ஒரே அளவில், ஒரே தூரத்தில். பக்கக் கண்ணாடியில் கனிசியஸின் முகம் அவருடைய புகைக்குள் மறைந்து மறைந்து தெரிந்தது. அவர் வண்டியை ஓரமாக்கி, கையை வீசிக் காட்டினார். போ. முந்திப் போ.

அவன் முந்தவில்லை.

அவர் வேகத்தைக் குறைத்தார். அவனும் குறைத்தான். இன்னும் குறைத்தார். பின்னால் நடராசா ஹோன் அடித்தான். மண்ணெண்ணெய் வண்டி மெதுவாகப் போனால் மூச்சு முட்டும். விதானையாரின் வண்டி ஒரு தரம் இருமியது. நின்றால், அந்தக் காற்றில் இயந்திரம் ஆறிவிடும். பிறகு அதை எழுப்பக் கனிசியஸின் போத்தில்தான் வேண்டும். அது தெரிந்தும் அவருடைய கை வேகப்பிடியை முறுக்கவில்லை. கண்ணாடியில் புகை விலகியது. கனிசியஸ் ஒற்றைக் கையால் வண்டியைப் பிடித்தபடி, மற்றக் கையைப் போத்தில் இருந்த தன் சட்டைப் பைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான்.