வரப்போகும் வருஷத்துக்கு ஒரு தட்டு

அக்கா ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து தம்பியின் மேஜைமேல் வைத்தாள். மேலே இருந்த கம்பெனியின் பெயரைப் பார்த்ததுமே உள்ளே என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். அங்கே எந்த வாண்டுக்குப் பிறந்தநாள் வந்தாலும் அவள் கட்டிய பாட்டுதான். குழந்தையின் பெயரைச் சேர்த்துப் பாடி, வயதுக்கு ஒன்றாகக் கைதட்டி, வரப்போகும் வருஷத்துக்கு ஒரு தட்டு கூடுதலாகத் தட்டுவார்கள். தம்பியின் முதல் பிறந்தநாளில் அவன் ஓயாமல் அழுதபோது, அவனைச் சிரிக்க வைக்கப் பத்து வயதில் அவள் கட்டிய பாட்டு அது. போன மாதம் ஒரு குழந்தையின் அம்மா அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார். வந்தது வினை. பாட்டு கம்பெனிக்குச் சொந்தமாம், அனுமதியில்லாமல் பாடக் கூடாதாம்.

"நீ மியூசிக் ஆளு, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். ஒரு மன்னிப்பு லெட்டர் எழுதிக் குடு, கையெழுத்துப் போட்டுடறேன்."

"மன்னிப்பா? நீ எதுக்குக் கேக்கணும்?"

"அது வேற யாரோ போட்ட பாட்டாம்டா. சின்ன வயசுல எங்கயாவது கேட்டிருப்பேன். இத்தனை வருஷமா நானே கட்டினேன்னு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன் பாரு. வெக்கமா இருக்கு."

தம்பி விளம்பரங்களுக்கு இசை போடுகிறவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கம்பெனிக்காரர்கள் ஒரு பிஸ்கட் விளம்பரத்துக்கு மறுநாளே பாட்டு வேண்டும் என்றார்கள். மூளை வறண்டு கிடந்தது. கைக்கு எட்டிய அந்தப் பிறந்தநாள் பாட்டை எடுத்துக் கொடுத்தான். படிவத்தில் 'இயற்றியவர்' என்ற கட்டத்தில் அக்கா பெயரை எழுதினால் அவளைக் கூட்டி வர வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும். நம் வீட்டுப் பாட்டுதானே என்று தன் பெயரையே எழுதினான். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டதுதான், அந்த அப்புறம் வரவே இல்லை. விளம்பரமும் வரவில்லை. உரிமை மட்டும் கம்பெனியிடம் தங்கிவிட்டது.

மன்னிப்புக் கடிதத்தில் இரண்டு வரி எழுதியும்விட்டான், பாவி. 'எனக்குச் சொந்தமில்லாத பாடலை' என்று எழுதும்போதுதான் கை நின்றது.

"அக்கா, நீ எங்கயும் கேக்கல. அது உன் பாட்டுதான். நான்தான் என் பேரைப் போட்டு அவங்களுக்குக் குடுத்தேன்."

அக்கா அவனையே பார்த்தாள். இரண்டு அறை விட்டால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"சரி, உன் பேர்லதானே இருக்கு? நாங்க பாடலாம்னு நீ சொல்லிடு. நாளைக்கு ஒரு குட்டிக்கு நாலு வயசு ஆகுது."

"என்னால முடியாதுக்கா. மொத்த உரிமையையும் எழுதிக் குடுத்துட்டேன்."

அவள் அந்த அரைக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாள். பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினாள். குரலில் கோபமே இல்லை.

"நாளைக்குள்ள புதுசா ஒண்ணு கட்டிடுவேன், அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. ஆனா நீ இருக்கிற இடத்துல அதைப் பாட மாட்டேன்டா."