தரகர் கேட்ட மனை

அருப்புக்கோட்டையில் மனை வாங்க வேண்டுமா, திருச்சுழிப் பக்கம் கரிசல் காட்டை விற்க வேண்டுமா, எல்லாரும் போய் நிற்கிற இடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள பருத்திக் கிட்டங்கியின் மாடிதான். அங்கே ஒற்றை அறையில் தரகர் அருஞ்சுனை வாடகைக்கு இருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு இடம் பிடித்துக் கொடுத்தவருக்குச் சொந்தமாக ஒரு முழ இடம் கிடையாது. கேட்டால், "ஊரே நம்ம இடந்தானய்யா" என்று சிரிப்பார். மனைவி கோகிலாம்பாள் இருந்த வரைக்கும் அந்தச் சிரிப்பில் பொய் இல்லை.

அவருடைய அப்பாவுக்கு வீரசோழன் என்கிற ஊரில் பலசரக்குக் கடை. அது நொடித்துப் போனதும் அருஞ்சுனை ஒரு வியாபாரிக்காக மிளகாய் வத்தலும் பருத்தியும் விலை பேச ஊர் ஊராக நடந்தார். நடந்த நடையில் எந்தக் காடு யாருடையது, எந்த அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை, எந்தக் கிணறு சித்திரையிலும் வற்றாது என்பதெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. இவ்வளவும் தெரிந்த ஆள் தரகராகாமல் வேறென்ன ஆவது?

அறுபத்து மூன்றாம் வருஷம் அவர் ஒரு தெருவையே உண்டாக்கினார். வீட்டில் கன்னடம் பேசுகிற நெசவுக் குடும்பங்கள் நாற்பது, முட்டுச் சந்துகளில் தறியைப் போட்டுக்கொண்டு மூச்சுத் திணறிக் கிடந்தன. ஊருக்கு மேற்கே ஒரு தரிசு இருந்தது. அதன் சொந்தக்காரரோ பிடிவாதக்காரர். அருஞ்சுனை பதினோரு தடவை நடந்து அவரைச் சரிக்கட்டினார். மனை பிரித்தபோது தெரு நடுவில் கோணிக்கொண்டது. தறியில் ஏற்றுகிற பாவு நூலைத் தெருவில்தான் நீளமாக விரித்துக் கட்ட வேண்டும். கோணல் தெருவில் அது நடக்காது. தரகுக்குப் பதிலாகத் தனக்கு ஒதுக்கியிருந்த மனையை அருஞ்சுனை தெருவோடு சேர்த்துவிட்டார். "நாங்க ரெண்டே பேரு. எங்களுக்கு எதுக்கு வீடு?" என்றார். தெரு நேரானது.

தெருவுக்குக் குழாய் கேட்டு மனு எழுதியதும், பள்ளிக்கூடத்துக்கு இடம் பிடித்ததும் அவர்தான். தெருக்காரர்கள் நன்றி கெட்டவர்கள் இல்லை. அம்மன் திருவிழாவில் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து மாலை போடுவார்கள். மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவர் மாடி ஏறுவார். கோகிலாம்பாள் போன பிறகு, அதை ஆணியில் மாட்டிவிட்டுச் சோற்றுப் பானையைத் திறந்து பார்ப்பார். காலையில் வடித்ததுதான் மிச்சம் இருக்கும்.

எழுபத்து நாலு ஐப்பசியில் விஷக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. தண்ணீர்க் குடம் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. கீழே பஸ் வந்து போகிற சத்தமும் ஆட்கள் பேசுகிற சத்தமும் நாள் முழுக்கக் கேட்டன. ஒருவரும் மேலே வரவில்லை. நான்காம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கியபோது டீக்கடைத் தங்கசாமி, "பரளச்சிக்கு இடம் காட்டப் போயிருப்பீகன்னு நெனச்சேன் அண்ணாச்சி. தேடி வந்தவுகளையும் அப்பிடியே சொல்லி அனுப்பிட்டேன்" என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. தரகர் கண்ணில் படவில்லை என்றால் எங்கோ வேலையாக அலைகிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் அன்றைக்கு அருஞ்சுனைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்த நெசவாளர் தெருவில் ஒரு வீட்டுக் கதவு விடிந்தும் திறக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டு வெங்கடம்மாள் போய்த் தட்டோ தட்டென்று தட்டுவாள். அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். செத்தால் அன்றைக்கே நாலு பேருக்குத் தெரிய வேண்டும், இருக்கும்போது யாராவது கதவைத் தட்ட வேண்டும். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

தை மாதம் சௌடையா வந்தார். தெருவில் வெங்கடம்மாள் வீட்டை ஒட்டியிருந்த காலி மனை அவருடையது. மகன் சென்னகேசவன் பெங்களூரோடு போய்விட்டான். இனி வந்து வீடு கட்டப்போவதில்லை.

"ஒரு நல்ல பார்ட்டியாப் பாருங்க அண்ணாச்சி."

அருஞ்சுனை நடப்பு விலையை உள்ளபடி சொன்னார். பிறகு, "நானே எடுத்துக்கிறேன் செட்டியாரே" என்றார்.

சௌடையா டீக் கிளாஸைக் கீழே வைத்தார். "நீங்களா? யாருக்கு?"

"எனக்குத்தான். குடியிருக்க."

சௌடையா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன் அண்ணாச்சி" என்று எழுந்தவர், பாதி டீயை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

பன்னிரண்டு வருஷமாக யார் யாருக்கோ இடம் பார்த்த தரகர், தன் கைக்காசைப் போட்டு ஒரு மனையைக் கேட்கிறார். அங்கே ஏதோ வரப்போகிறது, மனுஷனுக்கு முன்கூட்டியே துப்புக் கிடைத்திருக்கிறது! தெரு இப்படித்தான் கணக்குப் போட்டது. புது பஸ் ஸ்டாண்டு வருகிறது என்றார்கள். இல்லை, நூல் மில்லு என்றார்கள். ஒரு வாரம் அருஞ்சுனையின் அறையில் ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். காய்ச்சலில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள் பழத்தோடு வந்தார்கள். வெங்கடம்மாள் புருஷன் அதிரசம் கொண்டுவந்தார்.

"நம்மகிட்ட மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி. என்ன வருது?"

"ஒண்ணும் வரலய்யா. தனியாக் கெடக்க முடியல. ஒங்க தெருவுல ஒரு வீடு கட்டி இருந்துக்கிறேன்."

அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "தொழில்காரவுக வாயிலருந்து வார்த்தைய வாங்க முடியுமா!" என்று மெச்சிவிட்டுப் போனார்கள். வந்த அத்தனை பேரிடமும் அவர் அதையேதான் சொன்னார். அத்தனை பேரும் அப்படியேதான் சிரித்தார்கள்.

அதற்குமேல் அவர் செய்ததுதான் பெரிய பிசகு. ஆசை கண்ணை மறைத்துவிட்டது. சௌடையா வீட்டுக்கே போய், சொன்ன விலைக்கு மேலே ஆயிரம் தருவதாகச் சொன்னார். வேறு யாராவது அப்படி ஏற்றிக் கேட்டிருந்தால், சும்மா இருங்கள் என்று அவரே அதட்டி உட்காரவைத்திருப்பார். அங்கே ஏதோ வரப்போகிறது என்பதில் சௌடையாவுக்கு இருந்த கொஞ்ச சந்தேகமும் அத்தோடு போயிற்று. பேச்சு விருதுநகர் வரைக்கும் பரவி, காளிராஜ் என்கிற பஞ்சு வியாபாரி காரில் வந்து இறங்கினார். இரண்டு மடங்கு விலை. அன்றைக்கே முன்பணம்.

பத்திரம் பதிகிற அன்று சாட்சிக் கையெழுத்துக்கு அருஞ்சுனையைத்தான் கூப்பிட்டார்கள். முறை என்று ஒன்று இருக்கிறதே. மனையின் நான்கு எல்லையையும் எழுத்தர் வாசித்தார். கிழக்கே வெங்கடம்மாள் வீடு என்றபோது அருஞ்சுனை தலையைக் குனிந்துகொண்டார். கூப்பிட்டதும் எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் சௌடையா வெற்றிலை பாக்கோடு தரகை நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. "இனிமே சொல்றதுக்கென்ன அண்ணாச்சி. அந்த எடத்துல அப்பிடி என்னதான் இருக்கு?"

அருஞ்சுனை வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டார். "பக்கத்துல மனுசங்க இருக்காக செட்டியாரே. மூணு நா காச்சல்ல கெடந்தேன், தண்ணி மோந்து குடுக்க ஆளில்ல. அதான் கேட்டேன்."

சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அதுவரை எந்தப் பேரத்திலும் அவர் குரல் உடைந்து யாரும் கேட்டதில்லை. சௌடையாவின் சிரிப்பு நின்றது. உள்ளே காளிராஜ் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி இப்பிடிப் பண்ணிட்டீக?" என்று சௌடையா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நிஜமாகவே மனசு பொறுக்காமல்தான் கேட்டார். "இத மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"