சாக்பீஸ் குறி

தங்கை புருஷனுக்குப் பொறுமை மட்டும்தான் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. மற்றதெல்லாம் கிடைத்துவிட்டது. பழைய என்ஜின், யாரோ கழித்துப்போட்ட சட்டம், ஜோடி சேராத இரண்டு சக்கரம். எல்லாவற்றையும் சேர்த்து வீட்டுக் கொட்டகையிலேயே பைக் கட்டினான். புகைக்குழாயையும் சைலன்சரையும் மச்சான்தான் செய்துதர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். மச்சான் வெல்டர். தங்கை முகத்துக்காகத் தலையாட்டினார்.

குழாயைத் துண்டு துண்டாக அறுத்து, கோணம் பார்த்து ஒட்டி, என்ஜினைச் சுற்றி வளைத்துக் கொண்டுவந்தார். சத்தம் நாலு தெருவுக்குக் கேட்க வேண்டும் என்று மாப்பிள்ளை உயிரை வாங்கினான். அவரும் சத்தத்தை அடக்க உள்ளே எதுவும் வைக்காமல் விட்டார். கடைசியில் சைலன்சரைச் சட்டத்தோடு பிடித்துக்கொள்ளும் பட்டைக்கு வந்தபோது கேஸ் தீர்ந்துபோனது. பட்டை நகராமலிருக்க இரண்டு இடத்தில் பொட்டு வைத்தாற்போல் வெல்டிங் மட்டும் வைத்திருந்தார். வண்டி சும்மா நிற்கிறவரை அந்தப் பொட்டு தாங்கும். ஓட்டினால் அதிர்வில் விட்டுப்போய், சைலன்சர் பின்சக்கரத்துக்குள் புகுந்துவிடும். பட்டைமேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுவிட்டு, நாளைக்கு வந்து மிச்சத்தை முடிப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்.

அந்தக் குறி இருந்தால் வேலை முடியவில்லை என்பது அவர் பட்டறையில் கூட்டிப் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரியாது என்பது அவர் புத்திக்கு எட்டவேயில்லை.

மறுநாள் சிலிண்டரோடு வந்தார். கொட்டகை காலி. தரையில் கறுப்புப் பெயிண்ட் டப்பா, பக்கத்தில் வெள்ளைத்தூள் ஒட்டிய துணி.

தங்கையின் மாமியார் வாசலுக்கு வந்தார். "என்னமோ கிறுக்கியிருந்துச்சுன்னு துடைச்சுட்டு, நேத்தே பெயிண்ட் அடிச்சுட்டான் தம்பி. முதல் சவாரி உங்க தங்கச்சியோடதானாம். இப்பதான் கிளம்பினாங்க."

தங்கைக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. அந்த வண்டிச் சத்தத்தில் அவளுக்கு எங்கே கேட்கும்?

தூரத்தில் உறுமல் எழுந்தது. திரும்பி வருகிறார்கள். போன உயிர் பாதி திரும்பியது. வண்டி நெருங்க நெருங்க, உறுமலுக்குள் இரும்பு இடிக்கும் சத்தமும் கேட்டது. ஒரு பொட்டு விட்டுவிட்டது.

நடுரோட்டுக்கு ஓடி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

"நிறுத்துங்க மாப்பிள்ளை! நிறுத்துங்க!"

அவர் குரல் அவர் காதுக்கே விழவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த தங்கை வாயெல்லாம் பல்லாக அண்ணனுக்குக் கையாட்டினாள். மச்சான் மெச்சுகிறார் என்று நினைத்த மாப்பிள்ளை, ஆக்சிலரேட்டரை இன்னும் முறுக்கி, ஒதுங்கி அவரைக் கடந்தான். புதுப் பெயிண்ட் பளபளக்க, பட்டை ஒற்றைப் பொட்டில் ஆடுவதை வெல்டர் பார்த்தார். தங்கை பெயரைக் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்.

வண்டி முனைத் திருப்பத்தில் மறைந்தது. நாலு தெருவுக்குக் கேட்ட சத்தம் சட்டென்று நின்றது. சாவியைத் திருப்பினால் என்ஜின் அப்படி அடங்காது என்பது அவருக்குத் தெரியும்.